மோட்டாரை நிறுத்திவிட்டு வாசித்த கிடார்

நங்கை ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு டேப் ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். கேசட் சுற்ற ஆரம்பித்தது. முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம். அது நான்தான். அதைத் தொடர்ந்து என் எலெக்ட்ரிக் கிடார்.

நங்கை என்று நான் சொல்வது என் அண்ணன் மனைவியை. எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் ருக்குமணி. தொண்டாமுத்தூரில் தோட்டத்து வீடு. அன்றைக்கு அந்த வீட்டின் முன்கூடத்தில் சாக்கு விரித்து, அதன்மேல் தக்காளியைக் கொட்டி வைத்திருந்தார். அதிகமில்லை, ஒரு கூடை கூட நிறையாது. பழுத்ததை ஒரு பக்கமும் செங்காயை ஒரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக, முகத்தை மட்டும் அடக்கமாக வைத்துக்கொண்டு.

ஒரு பக்கம் முடிந்தது. அவரே எழுந்து வந்து கேசட்டைத் திருப்பிப் போட்டார். இவ்வளவு அக்கறையாக என் வாசிப்பை என் மனைவி கூடக் கேட்டதில்லை. இரண்டாம் பக்கமும் ஓடி முடிந்து, பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது. தக்காளியிலிருந்து கண்ணை எடுக்காமல் நங்கை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

அந்தக் கேள்வியைச் சொல்வதற்கு முன்னால் நான் கொஞ்சம் பின்னால் போயாக வேண்டும். எனக்கு அது பிடிக்காத வேலை. ஆனாலும் போகிறேன்.

நான் சொன்ன காரணங்கள்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் பழைய ஸ்கூட்டரைப் பற்றி எழுதியிருந்தேன். அதன் பின் சீட்டில் கிடார் கட்டி எடுத்துப்போனதைப் படித்துவிட்டு, என்னிடம் பௌதிகம் படித்த மாணவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "சார், நீங்க திடீர்னு கரண்ட்டு கிடாரை உட்டுப்போட்டு மரக் கிடாருக்கு மாறினீங்களே, அது ஏனுங்க? அதை மட்டும் எழுதவே மாட்டேங்கறீங்க" என்றார்.

சொல்லாமல் இல்லை. நிறையவே சொல்லியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் கிடார் வைத்திருந்தவர்கள் பலர் மரக் கிடாருக்கு மாறினார்கள். கேபிள் டி.வி. வந்த புதிது. வெளிநாட்டுப் பாடகர்கள் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, ஒயர் இல்லாத மரக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வாசித்தார்கள். உடனே நம் பொறியியல் கல்லூரிப் பையன்களும் ஸ்டூல் தேடினார்கள். கண்ணை மூடினார்கள். கண்ணை மூடினால் இடது கை எங்கே போகிறது என்று தெரியாது என்பது அவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

நான் அவர்களுக்குச் சில மாதங்கள் முன்பே மாறியிருந்தேன். அதனால் என்னை முன்னோடி என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் கல்லூரி மலருக்குப் பேட்டி எடுத்தார்கள். "மின்சாரம் ஒலிக்கு ஒரு முகமூடி. மரம் உண்மை பேசும்" என்று சொன்னேன். கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஆர்.எஸ்.புரத்துப் பக்கத்து வீட்டு டாக்டரிடம் கழுத்து வலி என்றேன், கிடாரின் கனம் ஆகவில்லை என்று. மனைவியிடம், வயதாகிவிட்டது, இனி அமைதியாக வாசிக்கலாம் என்றேன். "அப்படியே அமைதியா வாசிக்காமயும் இருக்கலாமுங்க" என்றாள் அவள்.

உண்மை பேசும் மரத்தைப் பற்றி அத்தனை பேசிய நான், உண்மையை மட்டும் யாரிடமும் பேசவில்லை.

துரத்தப்பட்ட கலைஞன்

கல்லூரியில் நான் வாத்தியார். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தலையில் முடி குறைந்த அளவுக்கு மனதில் ஆசை கூடிக்கொண்டிருந்தது.

வீட்டில் பயிற்சி செய்ய வழியில்லை. பக்கத்து வீட்டு டாக்டர் வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்தார். நான் ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் கம்பவுண்டர் வந்து கேட் அருகே நிற்பார். "டாக்டர் உங்களை ரொம்ப விசாரிச்சாருங்க. நீங்க வாசிக்கறப்ப பாக்கற பேஷண்டுக்கெல்லாம் ரத்த அழுத்தம் ஒரே மாதிரி கூடுதலா வருதாமுங்க" என்பார். இதைவிட மரியாதையாக ஒரு மனிதனைத் துரத்த முடியாது.

துணைக்கு பஷீர் பாய். உக்கடத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எங்கள் குழுவில் தாளத்துக்கு மரக் கிடார் வாசிப்பவர். அவர்தான் வழி சொன்னார். "வாத்தியாரே, உங்க அண்ணன் தோட்டத்துல மோட்டார் ரூம் சும்மாத்தானே கெடக்குது? அங்க போயி வாசிங்க. கேக்கறதுக்கு யானை மட்டுந்தான் வரும். அதுவும் ஒருக்கா கேட்டுதுன்னா அப்பறம் வராது. தோட்டத்துக்கும் நல்லது."

அப்படித்தான் தொண்டாமுத்தூருக்குப் போக ஆரம்பித்தோம். கிடார் ஸ்கூட்டரில் வரும். ஆம்ப்ளிஃபயர் பஷீர் பாயின் மடியில் டவுன் பஸ்ஸில் வரும். அதற்கும் சேர்த்து டிக்கெட் எடு என்று கண்டக்டர் தகராறு செய்வார். "இது என்ற மச்சானுங்க, காது கேக்காது" என்பார் பாய்.

பெரியவர் பேசினால் சின்னவர் ஆமாம் போடுவார்

மோட்டார் ரூமில் ஒரு சிக்கல் இருந்தது.

எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒன்று உண்டு. காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செப்புக் கம்பிச் சுருள். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயர் பாடும். கிணற்று மேட்டில் ஓடும் மோட்டாருக்குள்ளும் செப்புச் சுருள்தான். இரண்டும் ஒரே சாதி. மோட்டார் ஓடினால் என் கிடார் அதற்கு ஆமாம் போட ஆரம்பித்துவிடும். நான் எந்த ராகம் வாசித்தாலும் அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஒரு உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். போதாததற்கு அது கம்ப்ரஸர் மோட்டார். தடதடவென்று தகரக் கூரையே ஆடும்.

மோட்டார் ஓடாத நேரத்தில் வாசிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் எங்கள் ஊர் விவசாயம் குறுக்கே வருகிறது. தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து, பகலில் சில மணி நேரம்தான் வரும். எங்கள் பேச்சில் 'பேஸ் வந்துருச்சு', 'பேஸ் போயிருச்சு'. வந்தது தெரிவதற்காக மோட்டார் ரூம் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு பல்பு மாட்டியிருப்பார்கள். அது எரிந்தால் வயலில் இருப்பவர்கள் ஓடி வந்து மோட்டாரைப் போடுவார்கள். மற்ற நேரங்களில் வரும் மின்சாரத்தில் வோல்டேஜ் பாதிதான் இருக்கும். அதில் என் ஆம்ப்ளிஃபயர் ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி முனகும். நங்கையிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்: "இந்தப் பெட்டி சாதாரணப் பெட்டி இல்லீங்க நங்கை. பேஸ் இருந்தாத்தான் பாடும்."

"அப்ப அதுக்கும் நம்ம மோட்டாருக்கும் ஒரே பசிதானுங்க தம்பி" என்றார் அவர்.

இந்த வார்த்தைகளை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு போகம்

அண்ணன் அப்போது ஊரில் இல்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியோடு வடக்கே போயிருந்தார். போனால் திரும்ப மாதக்கணக்காகும். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது நங்கைதான். ஆனால் என்ன பயிர் வைப்பது என்று முடிவு செய்வது மட்டும் அண்ணன். எங்கேயோ மத்தியப் பிரதேசத்துப் பாறையில் நின்றுகொண்டு, தொண்டாமுத்தூரில் சோளமா, கடலையா என்று அவர் சொல்லுவார்.

அந்த வருடம் நங்கைக்குத் தக்காளி வைக்க ஆசை. பக்கத்துத் தோட்டங்களில் போட்டதைப் பார்த்து, மண்ணைப் பார்த்து, சந்தையைப் பார்த்து அவரே எடுத்த முடிவு. எஸ்.டி.டி. பூத்துக்கு என் ஸ்கூட்டரில்தான் வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாலும் எனக்கு எல்லாம் கேட்டது. ஊருக்கே கேட்டது. தூரத்துக்குப் பேசுவதால் கத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

"ஒரே ஒரு போகம் என்ற இஷ்டத்துக்கு உடுங்க. வெளஞ்சுதுன்னா அந்தக் காடு இனி என்ற பாடு. வெளையலீன்னா நீங்க சொல்றாப்பல தென்னையே வெச்சுக்கலாம். அப்பறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

காடு என்றால் எங்கள் பக்கம் வயல். அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ தெரியாது. வெளியே வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் அண்ணனிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாற்று நட்டது ஒரு வெள்ளிக்கிழமை. நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சும் தண்ணீருக்கு உயிர்த்தண்ணீர் என்று பெயர். நடும்போது விடும் தண்ணீர் நாற்றை நிற்க வைக்கும். உயிர்த்தண்ணீர்தான் அதை வேர் பிடிக்க வைக்கும். வெயில் காலத்தில் அது தவறினால் அவ்வளவுதான்.

எங்கள் கிணறு பங்குக் கிணறு. ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் பெரியப்பா வீட்டு முறை. அவர்களோடு எங்களுக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. எங்கள் முறையில் எடுக்காத தண்ணீரை அடுத்த நாள் போய்க் கேட்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

மூன்றாம் நாளும் எங்கள் முறையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சரியாக வந்தன. அதே ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்தில் நங்கையின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது.

விடிகாலையிலேயே எழுந்து வாய்க்கால் கட்டி, பாத்தி திறந்து, எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுப் பட்டுச் சேலை கட்டினார். நானும் பஷீர் பாயும் வந்தபோது பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, லைட் எரிஞ்சதும் மோட்டாரப் போட்டு உட்டுருங்க. தண்ணி தானாப் பாஞ்சுக்கும். நீங்க வரப்புல கூட எறங்க வேண்டாம், பச்சைப் பொத்தான அமுக்கினாப் போதும். பொழுதோட வந்துர்றேன்."

"நீங்க வெசனப்படாமப் போயிட்டு வாங்க நங்கை."

"வெசனம் என்னங்க, பி.எச்டி. படிச்சவருகிட்ட ஒரு பொத்தான நம்பி உடறதுக்கு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

அன்றைக்கு நாங்கள் வந்தது சாதாரணப் பயிற்சிக்கு இல்லை. சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கிடார் வாசிக்க ஆள் தேவை, வாசித்ததை கேசட்டில் அனுப்பலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கல்லூரி வேலையை எப்படி விடுவது, சென்னையில் எங்கே வீடு பார்ப்பது என்பது வரை நான் யோசித்து முடித்திருந்தேன். கேசட்டை அனுப்புவதுதான் பாக்கி.

சுவரில் பல்பு எரிந்தது. நான் ஓடிப்போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் கிளம்பியது. தண்ணீர் பொங்கி வந்து தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் தலை நீட்டிப் போனது. என் கடமை முடிந்தது என்ற திருப்தியோடு கிடாரை மாட்டினேன். பஷீர் பாய் டேப் ரிக்கார்டரில் மைக்கைச் செருகினார்.

போட்டுக் கேட்டால் கிடார் இல்லை. மோட்டார்தான் வாசித்திருந்தது. பக்கவாத்தியமாக எங்கோ நான்.

"மெட்ராஸ்ல உங்களை எடுக்க மாட்டாங்க வாத்தியாரே, மோட்டார எடுத்துக்குவாங்க" என்றார் பாய்.

நான் ஸ்டார்டர் பெட்டியைப் பார்த்தேன். பச்சைப் பொத்தானுக்குக் கீழேயே சிவப்புப் பொத்தான்.

"வாத்தியாரே, யாருக்கோ தண்ணி பாயுதுங்களே?"

"ஒரே ஒரு பாட்டு பாய். முடிஞ்சதும் போட்டுறலாம்."

சிவப்பை அழுத்தினேன். என்ன ஒரு நிசப்தம்! ஆம்ப்ளிஃபயரில் ஒரு சொட்டு இரைச்சல் இல்லை. கம்பியைத் தொட்டால் ஸ்வரம் தேன் மாதிரி நின்று இழுத்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சுத்தமான ஒலியை நான் அதுவரை கேட்டதில்லை.

முதல் பாட்டில் ஓரிடத்தில் விரல் தவறியது. திரும்ப எடுத்தோம். அதில் தாளம் ஓடியது. திரும்ப. அது நன்றாக வந்ததால் இரண்டாவது பாட்டையும் இதே சூட்டில் எடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு பாட்டு முடிவிலும் மோட்டார் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் 'இது ஒன்று மட்டும்' என்றேன். இதையும் எழுதிவிட வேண்டும்: நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். அது பொய்.

கேசட்டின் இரண்டு பக்கமும் நிறைந்து, பாய் அதை வெளியே எடுத்து ஊதிக்கொண்டிருந்தபோது ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு மங்கியது. வெளியே எட்டிப் பார்த்தேன். சுவரில் பல்பு எரியவில்லை.

வாய்க்கால் வரை நடந்து போனேன். தண்ணீர் முதல் பாத்தியின் வாயைக் கூடத் தொடாமல், வந்த இடத்திலேயே மண்ணில் இறங்கிப்போயிருந்தது.

குடம்

சாயங்காலம் நங்கை தலையில் பூவோடு, கையில் தாம்பூலப் பையோடு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. நேராக வயலைப் பார்த்தார்.

"தண்ணி பாயலீங்களா தம்பி?"

நான் சொன்னேன்: "பேஸ் வந்தவுடனே போயிருச்சுங்க நங்கை. அப்பறம் வரவே இல்ல."

எங்கள் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுவார்கள். கரண்ட் போய்விட்டது என்று சொன்னால் மட்டும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மறுபேச்சு இல்லாமல் நம்பப்படும் ஒரே செய்தி அதுதான். பஷீர் பாய் ஆம்ப்ளிஃபயரோடு முந்தின பஸ்ஸிலேயே போயிருந்தார். அது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால்தான் கூசுகிறது.

நங்கை உள்ளே போய்ப் பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு இரண்டு குடத்தோடு வந்தார். தொட்டியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரை மொண்டு நாற்று நாற்றாக ஊற்றினார். நானும் ஒரு குடத்தை எடுத்தேன். எனக்கு இடுப்பில் வைக்கத் தெரியாது. தோளில் வைத்துச் சட்டையெல்லாம் நனைந்தது.

"பாருங்க, காலேஜ் வாத்தியாரு குடம் சொமக்கறாரு. கரண்ட்டுக்காரன் பண்ணின வேலைக்கு உங்களுக்குத் தண்டனை" என்றார். பிறகு, அடுத்த குடத்தை மொண்டுகொண்டே, "நீங்க இருந்ததுனால ஆச்சுங்க தம்பி" என்றார்.

இருட்டும் வரை ஊற்றினோம். தொட்டிக்கு அருகே இருந்த இரண்டு வரிசை நனைந்தது. மறுநாள் பெரியப்பா வீட்டு முறை. செவ்வாய்க்கிழமை எங்கள் முறை வந்தபோது மீதிக் காட்டில் தண்ணீர் விட நாற்று இல்லை.

அந்தக் கேள்வி

அந்த இரண்டு வரிசை காய்த்த தக்காளிதான் முதலில் சொன்ன தக்காளி.

கேசட்டை சென்னைக்கு அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. அதனால் என்ன, நகல் ஒன்று கையில் இருந்ததே. பார்க்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். "எனக்குப் போட மாட்டீங்களா தம்பி? நான் கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு நம்ம மோட்டார் ரூம்ல எடுத்ததுதானுங்களே?" என்று நங்கை கேட்டார். எடுத்துக்கொண்டு போனேன். என்ன எடுத்துக்கொண்டு போகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. பாராட்டுக்கு அலைகிறவனுக்கு மூளை வேலை செய்யாது. பௌதிகத்தில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தாலும் செய்யாது.

இரண்டு பக்கமும் கேட்டு முடித்தார் என்று சொன்னேன் அல்லவா? ஒரு செங்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாச் சுத்தமா இருக்குதுங்க தம்பி. ஒரு எரைச்சல் இல்ல. நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க நங்கை."

"அன்னிக்கு பேஸ் வந்தவுடனே போயிருச்சுன்னு சொன்னீங்க. அப்பறம் இது எதுலீங்க பாடுச்சு?"

வெளியே ஒரு மயில் அகவியது. கேசட்டிலும் ஓரிடத்தில் ஒரு மயில் அகவும். மோட்டார் ஓடியிருந்தால் அது பதிவாகியிருக்காது.

என் தொண்டை அந்தக் கேசட்டின் தொடக்கத்தில் செருமியதைப் போல ஒரு தடவை செருமியது. அவ்வளவுதான். நங்கை காத்திருக்கவும் இல்லை. பழுத்த தக்காளியில் நல்லதாகப் பொறுக்கி ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "உங்க ஊட்டுல குடுங்க. ரசத்துக்கு நல்லா இருக்கும்" என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரம் ரசம். ஒவ்வொரு நாளும் நான் சாப்பிட்டேன்.

விரல் நுனி

அண்ணன் ஊருக்கு வந்தார். காட்டைப் பார்த்தார். "நாந்தான் அப்பவே சொன்னனே" என்றார். தென்னங்கன்று வைத்தார். நங்கை தான் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. என்னைப் பற்றியும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பயிரைப் பற்றியும் திறக்கவில்லை.

நான் எலெக்ட்ரிக் கிடாரை பஷீர் பாயிடம் கொடுத்துவிட்டு, டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் மரக் கிடார் வாங்கினேன். "என்ன வாத்தியாரே, மின்சார வாரியத்துல வி.ஆர்.எஸ். வாங்கிட்டீங்களா?" என்றார் பாய். என் பழைய கிடாரின் பிக்கப்பைப் பிரித்து மேஜை ஃபேனுக்குச் சுற்றிவிடப் போவதாக மிரட்டினார். காரணத்தை அவரிடமும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனதை அவரும் பார்த்தவர்.

மாறுவது அப்படி ஒன்றும் சுலபமில்லை. எலெக்ட்ரிக் கம்பி மெல்லிசு, தடவினால் போதும். மரக் கிடாரின் கம்பி தடிமன், பலகையிலிருந்து உயரத்தில் நிற்கும். ஒரு வாரத்தில் இடது கை விரல் நுனிகள் வெடித்தன. வலி தாங்காமல் எலெக்ட்ரிக் கம்பியையே மரக் கிடாரில் மாட்டிப் பார்த்தேன். மாறுகிறவர்கள் எல்லாரும் செய்கிற திருட்டு வேலை அது. "கொசு பாடறாப்பல இருக்குது வாத்தியாரே" என்றார் பாய். கழற்றிவிட்டேன்.

பழக்கம் விடவில்லை. ஒலியைக் கூட்ட, சுண்டு விரல் தானாகப் போய் இல்லாத திருகைத் திருகும். மேடையில் என் வலது கால் இல்லாத பெடலைத் தேடித் தரையைத் தட்டும். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு வரவேற்பில், முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எனக்குக் கால் மரத்துவிட்டதென்று நினைத்துத் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

எல்லாவற்றையும் விட ஒன்று. எலெக்ட்ரிக்கில் ஒரு ஸ்வரத்தைத் தட்டிவிட்டால் அது நிற்கும். அந்த இடைவெளியில் அடுத்த தவறுக்குத் தயாராகலாம். மரத்தில் தட்டியது அங்கேயே அடங்கிவிடும். அடுத்ததை நாமேதான் வாசித்தாக வேண்டும். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. கல்லூரி மலரில் நான் சொன்னது பாதி சரிதான்.

பச்சைப் பொத்தான்

அண்ணன் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. நங்கை இன்னும் தொண்டாமுத்தூரில்தான். இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்கி, என் பக்கத்தை முதலில் படிக்கிறவர் அவர். "எல்லாத்தப் பத்தியும் எழுதறீங்க, ஸ்கூட்டரப் பத்தி மூணு பக்கம். என்னைப் பத்தி ஒரு வரி உண்டுங்களா?" என்று போனில் வம்பிழுப்பார்.

இதுவரை எழுதியதை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் படித்துக்காட்டி விடுவது என்று போனேன். தென்னைக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது பழைய தக்காளிக் காடு. எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். கம்பவுண்டரின் ரத்த அழுத்தப் பேச்சு வந்தபோது சிரித்தார். எஸ்.டி.டி. பூத் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். சிவப்புப் பொத்தானை அழுத்திய இடம் வந்தது. 'நான் மறக்கவில்லை' என்ற வரியைப் படித்தேன்.

"நிறுத்துங்க தம்பி" என்றார்.

நிறுத்தினேன். தாளிலிருந்து தலையைத் தூக்கப் பயமாக இருந்தது.

"அக்கட்டால பாருங்க, லைட் எரியுது. பேஸ் வந்துருச்சு. செல்போன்ல மோட்டார் போடற பெட்டியப் பேரன் வாங்கிக் குடுத்தான், அது ரிப்பேரு. மொதல்ல போயி மோட்டாரப் போடுங்க. மன்னிப்பெல்லாம் வந்து கேட்டுக்கலாம்."

போனேன். ஸ்டார்டர் பெட்டி புதிது, பொத்தான்கள் அதே இரண்டு. பச்சையை அழுத்தினேன். தண்ணீர் வந்து வாய்க்காலில் இறங்கி முதல் தென்னையைத் தொடும் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நாற்காலி வரைக்கும் மோட்டார் சத்தம் வந்துகொண்டிருந்தது. நங்கை காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார்:

"சத்தமா இருக்குதுங்களா தம்பி? வேணும்னா நிறுத்திப்போட்டு வந்து படிக்கறீங்களா?"

"வேண்டாமுங்க நங்கை" என்றேன். விட்ட வரியிலிருந்து, கத்திப் படிக்க ஆரம்பித்தேன்.